நான்கு கணினி, நான்கு பாஷை

மின்னஞ்சல் எப்படிப் போகிறது என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன்.

1969 கடைசியில் அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலையில் இருந்தவை நான்கே கணினிகள். நான்கும் நான்கு ரகம். லாஸ் ஏஞ்சல்ஸில் சிக்மா 7, ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.டி.எஸ். 940, சாண்டா பார்பராவில் ஐ.பி.எம். 360, யூட்டாவில் பி.டி.பி. 10. ஒன்று 24 பிட்டாக எண்ணும், இரண்டு 32, இன்னொன்று 36. ஐ.பி.எம்.முக்கு 'ஏ' என்ற எழுத்து 193; ஆஸ்கி முறையில் அதுவே 65. பிறகு எப்படிப் பேசிக்கொள்வது?

அந்த அக்டோபரிலேயே வின்ட் செர்ஃப் ஒரு சிறு குறிப்பு எழுதினார்: உள்ளே எப்படி வேண்டுமானாலும் இருந்துகொள்ளுங்கள், வெளியே அனுப்பும்போது 7 பிட் ஆஸ்கியாக அனுப்புங்கள். அவ்வளவுதான்.

1971-இல் ரே டாம்லின்சன் கணினி விட்டுக் கணினி கடிதம் அனுப்பினார். பல வருடம் கோப்பு அனுப்பும் முறையின் முதுகிலேயே கடிதமும் சவாரி செய்தது. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் அதற்கென்று தனி விதி எழுதினார். எஸ்.எம்.டி.பி. என்பது அதுதான். முதல் எழுத்து 'சிம்பிள்' என்பதற்கு!

இரண்டு கணினிகள் பேசுவதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"வணக்கம், நான் இன்ன கணினி."
"250, சரி."
"இன்னாரிடமிருந்து கடிதம்."
"250."
"இன்னாருக்கு."
"250."
"கடிதத்தைச் சொல்லட்டுமா?"
"354, சொல்லு."

கடைசியில் தனி வரியில் ஒரு புள்ளி. கடிதம் முடிந்தது. அப்படி ஒரு ஆள் இல்லையென்றால் 550. ஒரு மாணவன் விசைப்பலகையில் கையாலேயே இதைத் தட்டிக் கடிதம் அனுப்பலாம். தவறு எங்கே என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

1984-இல் தந்தி, தொலைபேசித் துறைகளின் சர்வதேசக் குழு எக்ஸ்.400 என்று ஒன்று கொண்டுவந்தது. ஒப்புகைச் சீட்டு உட்பட எல்லாம் உண்டு. ஆனால் முகவரியில் நாடு, நிர்வாகப் பகுதி, தனியார் பகுதி, நிறுவனம், பெயர் என்று ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி நிரப்ப வேண்டும். உள்ளே போவதை மனிதர் படிக்கவும் முடியாது. பெரிய நிறுவனங்கள் வாங்கின; சின்னக் கல்லூரிகள் போஸ்டலின் விதியை வைத்துத் தாங்களே நிரல் எழுதிக்கொண்டன. எண்ணிக்கையில் யார் ஜெயித்திருப்பார்கள்?

எளிமைக்கு விலையும் உண்டு. "இன்னாரிடமிருந்து" என்று சொன்னால், உண்மையா என்று போஸ்டலின் விதி கேட்காது. இன்று வங்கி பெயரில் வரும் மோசடிக் கடிதங்களுக்கு வேர் அங்கேதான்.

இன்னொரு விலையை நாம் கொடுத்தோம். 7 பிட்டில் 128 இடம்தான். அதில் தமிழ் இல்லை. அதனால்தான் அன்று பலரும் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதி அனுப்பினார்கள். 1992-இல் மைம் என்ற விதி வந்து, பிற எழுத்துகளை ஆஸ்கி உடை மாட்டி அனுப்ப வழி செய்தது. இப்போதும் அந்த உடையில் போகும்போது ஒரு 'க' நான்கு ஆங்கிலக் குறிகளாகத்தான் போகிறது.

முகவரியையே தமிழில் எழுத அனுமதித்த விதி 2012-இல்தான் வந்தது. உங்களில் யாராவது அப்படி ஒரு முகவரி வைத்திருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், ஒரு கடிதம் போட்டுப் பார்க்கிறேன்.