கலகச் சேதமும் நகரத்தின் கடனும்

ஒரு நகரத்தின் அமைதி குலைந்து, கும்பலோ தனி விஷமியோ சிறு கடையொன்றின் கதவையும் கண்ணாடியையும் தகர்த்துவிட்டால், அந்த நஷ்டத்தை யார் ஏற்பது என்னும் வினாவுக்குச் சட்ட சரித்திரம் நெடுங்காலம் அளித்துவந்த விடை ஒன்று. இன்றைய நகராட்சிகள் நடைமுறையில் அளித்துவரும் விடை வேறொன்று. முன்னையது அதை ஊரின் கடனாகக் கருதியது. பின்னையது கையில் நிதி உள்ளவரை வழங்கும் மான்யமாக அதை மாற்றியிருக்கிறது. இவ்விரண்டில் நியாயத்துக்கு இசைந்தது முன்னையதே என்பதும், ஆயினும் பின்னையதில் பழைய சட்டத்துக்கு வாய்க்காத நற்குணம் ஒன்று உண்டு என்பதும், இரண்டையும் இணைப்பதே இன்று செய்யத்தக்கது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

முதலாம் எட்வர்டு மன்னனின் ஆட்சியில் 1285-ஆம் ஆண்டு பிறந்த வின்செஸ்டர் சட்டம், கொள்ளையரைப் பிடித்துக்கொடுக்கத் தவறிய வட்டாரத்தாரே பொருளை இழந்தவனுக்கு ஈடு செய்ய வேண்டும் என்று விதித்தது. 1714-ஆம் ஆண்டின் கலகச் சட்டம் அதே நியாயத்தைக் கும்பல் இடித்துத் தள்ளிய கட்டடங்களுக்கும் விரித்தது. பின்னர் 1886 பிப்ரவரி 8 அன்று, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கூடிய வேலையற்றோரின் கூட்டம் பால் மால், பிக்காடிலி வீதிகளின் வழியே சென்றபோது கண்ணாடிகள் நொறுங்கிக் கடைகள் சூறையாடப்பட்டனவாக, பிரிட்டிஷ் பார்லிமெண்டு அவ்வாண்டிலேயே கலகச் சேதச் சட்டத்தை இயற்றி, கடைகளுக்கும் வீடுகளுக்கும் நேர்ந்த நஷ்டத்தைப் போலீஸ் வரியிலிருந்து ஈடுகட்ட ஏற்பாடு செய்தது. போலீஸார் அஜாக்கிரதையாக இருந்தனர் என்று வியாபாரி நிரூபிக்க வேண்டியதில்லை என்பதே இச்சட்டத்தின் விசேஷம். காவலுக்கென்று வரி பெறும் அமைப்பு காவலைத் தர இயலாமற்போனால், அந்த இயலாமைக்குக் காரணம் எதுவாயினும், அதன் பாரம் வரி செலுத்துவோர் அனைவர்மீதும் பரவ வேண்டுமேயன்றி, தற்செயலாக அவ்வீதியில் கடை வைத்திருந்த ஒருவர் தலையில் மட்டும் விழுதல் தகாது என்னும் தத்துவம் அதனுள் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவிலும் இத்தத்துவம் வேரூன்றியிருந்தது. இல்லினாய் மாநிலம் 1887-இல் இயற்றிய சட்டம், கும்பல் விளைத்த சேதத்தில் நான்கில் மூன்று பங்கை நகரமே தர வேண்டும் என்றது. குற்றமே செய்யாத நகரத்தைப் பொறுப்பாளியாக்குவது முறையன்று என்று சிகாகோ நகரம் வழக்காடியபோது, ஐக்கிய நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு 1911-இல் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

இக்கூட்டுப் பொறுப்புக்கு இருண்ட பக்கமும் உண்டு என்பதை நம் நாட்டவர் நன்கறிவர். 1861-ஆம் ஆண்டின் இந்தியப் போலீஸ் சட்டம், அமைதி குலைந்த ஊரில் கூடுதல் போலீஸை நிறுத்தி அதன் செலவை ஊராரிடமே வசூலிக்க இடம் கொடுத்தது. 1895-இல் சேர்க்கப்பட்ட 15-ஏ பிரிவு, சேதமுற்றோர்க்கான ஈட்டையும் அவ்வாறே வசூலிக்க வழிசெய்தது. 1908-இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை கைதானதை ஒட்டித் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் மூண்ட கலகத்துக்குப்பின், இவ்வாறு நிறுத்தப்பட்ட தண்டப் போலீஸின் செலவு அவ்வூர் மக்கள்மீதே சுமத்தப்பட்டது. ஊரார் தம் பிரதிநிதிகள் வாயிலாகத் தாமே ஏற்கும் பொறுப்பு வேறு; அன்னிய அதிகாரி ஊரின்மீது விதிக்கும் தண்டம் வேறு. யான் ஆதரிப்பது முன்னதை.

இனி, இன்றைய மான்யங்களை நோக்குவோம். சான் பிரான்சிஸ்கோ நகரம் 2021-இல் தொடங்கிய திட்டத்தின்படி, வேண்டுமென்றே சேதப்படுத்தப்பட்ட சிறு கடைக்கு 2,000 டாலர் வரை கிடைத்தது. சியாட்டில் நகரம் 2022-இல், கொள்ளைநோய்க் காலத்து மத்திய சர்க்கார் நிதியிலிருந்து 20 லட்சம் டாலரை ஒதுக்கி, உடைந்த கண்ணாடி, கதவு, பூட்டு முதலியவற்றைச் சீர்செய்ய முதலில் கடைக்கு 2,000 டாலர் வரை வழங்க முன்வந்தது. தொகை அற்பமெனத் தோன்றலாம். ஆனால் சிறு வியாபாரியின் கணக்குப் புத்தகத்தை அறிந்தவர்க்கு அது அற்பமன்று. இன்ஷூரன்ஸ் பாலிசியில் முதற்கண் ஒரு தொகையை வியாபாரியே ஏற்றாக வேண்டும். முகப்புக் கண்ணாடி ஒன்றின் விலை பெரும்பாலும் அவ்வெல்லைக்கு உட்பட்டோ சற்றே மேற்பட்டோ நிற்பதால் பாலிசியால் பயனில்லை. பயனுண்டாயினும், கோரிக்கை வைத்தால் அடுத்த ஆண்டு பிரீமியம் உயருமோ, பாலிசியே புதுப்பிக்கப்படாதோ என்னும் அச்சத்தால் அவர் வாய்மூடியிருப்பார். அக்கண்ணாடி சட்டப்படி கட்டடச் சொந்தக்காரருடையதாயினும், வாடகை ஒப்பந்தம் அதைப் பழுதுபார்க்கும் பொறுப்பைக் குடியிருக்கும் வியாபாரியிடமே பல சமயம் சுமத்தியிருக்கும். இன்ஷூரன்ஸ் எட்டாத இவ்விடைவெளியை நேரே நாடிச் செல்வதே மான்யத்தின் நற்குணம். அது சிறியவரைத் தேர்ந்து உதவுகிறது.

ஆயினும் அதன் பலவீனமும் வெளிப்படை. 20 லட்சம் டாலரை முழுத் தொகைகளாக வழங்கினால் ஆயிரம் கடைகளுக்கு மேல் எட்டாது. ஆயிரத்தோராவது வியாபாரியின் கண்ணாடி அதே வீதியில் அதே இரவில் உடைந்திருந்தாலும் அவர் கேட்க உரிமையற்றவர். முந்தி விண்ணப்பிப்போர்க்கு முன்னுரிமை என்னும் விதி, ஆங்கிலப் பயிற்சியும் கணக்கரின் துணையும் உடையவர்க்கே அனுகூலமாகி, குடியேறி வந்து கடை வைத்தவர்களைப் பின்னே தள்ளிவிடுகிறது.

சேதம் கண்ணாடி அளவில் நில்லாது கட்டடமே சாம்பலாகும்போது நேர்வது என்ன என்பதை மின்னியாபொலிஸ் நகரம் காட்டியது. 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸார் கையில் உயிரிழந்தபின் மூண்ட கொதிப்பில், லத்தீன் அமெரிக்கரும் சோமாலியரும் உழைத்து உயிர்ப்பித்திருந்த லேக் தெருவின் பல பகுதிகள் எரிந்தன. மின்னியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டை நகரங்களில் ஏறத்தாழ 1,500 இடங்கள் சேதமுற்றன. நஷ்டம் 50 கோடி டாலர் அளவில் மதிப்பிடப்பட்டது. மாநில கவர்னர் கோரிய பேரிடர் உதவியை மத்திய சர்க்கார் அவ்வாண்டு ஜூலையில் மறுத்தது. இடிபாடுகளை அகற்ற இன்ஷூரன்ஸ் தந்தது பொதுவாக 25,000 முதல் 50,000 டாலர்; ஒப்பந்தக்காரர் கேட்டதோ 2 லட்சம் முதல் 3 லட்சம் டாலர் என்று அந்நாளைய பத்திரிகைகள் எழுதின. இந்நிலையில், அவ்வாண்டின் எஞ்சிய சொத்துவரியை முன்கூட்டிச் செலுத்தினாலன்றி இடிக்க அனுமதி இல்லை என்று மின்னியாபொலிஸ் நிர்வாகம் பல வாரங்கள் நின்றது. கண்டனம் எழுந்தபின் ஆகஸ்டு மாதத்தில்தான் அத்தடை நீங்கியது. பக்கத்து செயின்ட் பால் அத்தகைய நிபந்தனையை விதிக்கவில்லை என்பதைக் காண, சட்டத்தைக் காட்டிலும் மனப்பான்மையே குறையென்று எண்ணத் தோன்றுகிறது. முதலில் விரைந்து வந்தவை லேக் தெரு வியாபாரிகளின் சங்கம் திரட்டிய தனியார் நன்கொடைகளே; மாநில சட்டசபையின் உதவி 2021-இலும் 2023-இலும் தவணைகளாக வந்தது. காவலைத் தரவியலாத நகரம், காவலின்மையால் எரிந்த கட்டடத்துக்கு வரியை முதலில் கேட்டது என்னும் ஒன்றே, ஈடு பெறுதலைக் கருணைக்கு விடலாகாது என்பதற்குப் போதிய சான்று.

அப்படியாயின் பழைய சட்டத்தையே மீட்டால் போதுமா? 2011 ஆகஸ்டில் டாட்டன்ஹாமில் தொடங்கி இங்கிலாந்தின் பல நகரங்களுக்குப் பரவிய கலகம் இதற்கு விடை கூறுகிறது. 1886-ஆம் ஆண்டின் சட்டம் அப்போதும் உயிருடன் இருந்தது; ஆனால் கோரிக்கைக்கு அது தந்த 14 நாள் கெடுவை 42 நாளாக நீட்ட வேண்டியிருந்தது; இன்ஷூரன்ஸ் இல்லாத சிறியோர் பலர் மாதக்கணக்கில், சிலர் ஓராண்டுக்கு மேலும் காத்திருந்தனர். மறுபுறம், ஈடு செலுத்திய இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் அச்சட்டத்தின்படியே போலீஸ் நிதியைக் கோர உரிமை பெற்றிருந்தன. என்ஃபீல்டில் எரிந்த ஸோனி கம்பெனியின் மாபெரும் கிடங்குக்கான வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. 2016-ஆம் ஆண்டின் புதிய சட்டம் ஒரு கோரிக்கைக்கு 10 லட்சம் பவுன் என்று உச்சவரம்பு கட்டியது நற்செயல். எனினும் பெரியவரையும் சிறியவரையும் ஒரே வரிசையில் நிறுத்தும் குணம் முற்றும் நீங்கவில்லை.

ஈடு உறுதியென்றால் வியாபாரிகள் பாதுகாப்பையும் இன்ஷூரன்ஸையும் கைவிடுவர் என்பது எதிர்வாதம். இதை 1886-இல் சட்டம் வகுத்தோரே சிந்தித்திருந்தனர்: கோருவோர் தக்க முன்னெச்சரிக்கை எடுத்தனரா, கலகத்தில் பங்குகொண்டனரா, அதைத் தூண்டினரா என்பனவற்றை நோக்கி ஈட்டைக் குறைக்க அச்சட்டம் இடமளித்தது. மேலும், தன் வாழ்நாள் சேமிப்பைச் சரக்காக அடுக்கிவைத்திருப்பவர், 2,000 டாலர் வருமென்று நம்பிக் கதவைத் திறந்துபோட்டு வீடு செல்வார் என்று வாதிப்பது மனித இயல்புக்கு ஒவ்வாது.

ஆதலால் குறிப்பிட்ட வருமானத்துக்கு உட்பட்ட கடைகளுக்கு மட்டும், நகரத்தின் ஆண்டு வரவுசெலவிலேயே நிலையான கடனாக எழுதப்பட்ட ஈட்டுரிமை வேண்டும். முதல் தவணை, ரசீதுகளுக்குக் காத்திராமல், போலீஸில் பதிவான புகாரையும் படத்தையும் கொண்டே சில நாட்களில் கைசேர வேண்டும். ஏனெனில், முதலில் செலவு செய்து பிறகு பெற்றுக்கொள் என்பது, செலவு செய்யக் கையில் பணம் உள்ளவர்க்கே பொருந்தும் விதி. சேதமுற்ற கட்டடத்தின் வரி நிலுவை எந்த அனுமதிக்கும் தடையாதல் கூடாது. பழுதுபார்க்கும் செலவுக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு. ஸோனி கிடங்கு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, வியாபாரம் நின்றதால் வந்த நஷ்டம் ஈட்டுக்குள் அடங்காது என்றது. 2016-ஆம் ஆண்டின் சட்டமும் அதை விலக்கியே வைத்தது. பெரிய நிறுவனத்துக்கு அது தாங்கத்தக்கது. சிறு கடையில் கண்ணாடி மாற்றும்வரை பலகை அடைத்துக் கிடக்கும் நாட்களிலும் வாடகையும் வேலையாட்களின் கூலியும் ஓடிக்கொண்டேயிருப்பதால், அந்நாட்களுக்குரிய வாடகையையும் கூலியையும் முதல் தவணையிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும்.