சாட்ச்மோ (தன்வரலாற்று நூல்)

சாட்ச்மோ: மை லைஃப் இன் நியூ ஓர்லியன்ஸ் என்பது அமெரிக்க டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் எழுதி 1954 இல் வெளிவந்த தன்வரலாற்று நூலாகும். அவர் சிக்காகோ சென்று கிங் ஆலிவரின் குழுவில் சேர்ந்த 1922 ஆம் ஆண்டுடன் நூல் நிறைவுறுகிறது.

நியூ ஓர்லியன்சின் பித்தளை வாத்தியக் குழுக்களுடன் வளர்ந்தவரின் பதிவு என்பதே இதன் சிறப்பு. இறுதி ஊர்வலத்தில் இடுகாடு வரை மெதுவான துதிப்பாடல்களையும், அடக்கம் முடிந்து திரும்புகையில் துள்ளலிசையையும் இக்குழுக்கள் வாசித்தன. புத்தாண்டுக்கு முந்தைய இரவில் வானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்டதற்காக 1913 சனவரியில் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்ட சிறுவன் ஆம்ஸ்ட்ராங், அங்கு பீட்டர் டேவிசிடம் கார்னெட் பயின்று, இல்லத்தின் குழுவுக்கே தலைவரானார். டிரம்பெட்டுக்கு அவர் மாறியது 1920களின் நடுப்பகுதியிலேயே.

நூல் கூறும் பிறந்த நாளை (ஜூலை 4, 1900) அப்படியே ஏற்பதற்கில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டின்படி அவர் ஆகஸ்ட் 4, 1901 இல் பிறந்தார். அப்பதிவேடு அவர் மறைந்த (1971) பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது.