சாயம் போகாத கரையும் சாயம் போன துணியும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குப் போகும் மின்சார ரயில் மீஞ்சூரைத் தாண்டினால் அனுப்பம்பட்டு, அதற்கடுத்து பொன்னேரி. பொன்னேரியில் இறங்கிக் கிழக்கே பேருந்து பிடித்தால் வழி நெடுக வயலும் உப்புக்காற்றும். சாலை முடிகிற இடத்தில் பழவேற்காடு. ஏரிக்கரை மீனவர் ஊர்களில் வலை காயப்போடும் ஆண்களின் இடுப்பில் பெரும்பாலும் கட்டம் போட்ட லுங்கி இருக்கும். அந்தக் கட்டத் துணியை உலகத்துக்குப் பழக்கிய ஊர்களில் இதுவும் ஒன்று. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் பெலிகாட் என்றுதான் பெயர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதே வகைக் கைக்குட்டையை நெய்து பல்லிகேட் என்று விற்றார்கள்.

இந்தக் கரையின் துணியை உலகம் காசு கொடுத்து வாங்கியதற்குப் பெரிய காரணம், அது சாயம் போகாது என்பதுதான். சுமார் முந்நூற்றைம்பது ஆண்டு கழித்து, அதே வழியில் வந்த ஒரு துணி அமெரிக்காவில் சாயம் போகும் என்பதற்காகவே விற்றது. முதல் பெருமைக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாகக் கெட்டுக் கெட்டுத் திருத்திய கைகள் இருந்தன. இரண்டாவது பெருமைக்குப் பின்னால் இருந்தது கெட்டிக்கார விளம்பரம்.

டச்சுக்காரர்களின் தவறிலிருந்து கதையைத் தொடங்கலாம். மலுக்குத் தீவுகளுக்கு ஜாதிக்காயும் கிராம்பும் வாங்கப் போன அவர்கள், ஐரோப்பியச் சரக்கை அங்கே யாரும் சீண்டவில்லை என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். தீவுக்காரர்கள் கேட்டது சோழமண்டலக் கரைத் துணியை. 1605-ல் மசூலிப்பட்டினத்தில் கிடங்கு போட்டார்கள். 1610-ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடரிடம் அனுமதி வாங்கிப் பழவேற்காட்டுக்கு வந்தார்கள். 1612-ல் சாந்தோம் போர்த்துகீசியர் அந்தக் கிடங்கைத் தாக்கி அழிக்க, மறு ஆண்டே கெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690-ல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, டச்சுக் கம்பெனியின் சோழமண்டல வணிகத்தை இந்த ஏரியின் வாயிலிருந்துதான் நிர்வகித்தார்கள்.

ஆனால் துணி என்றால் எந்தத் துணியும் ஆகாது. ஒரு தீவில் விற்றது அடுத்த தீவில் விற்காது. கரையின் அகலம், சிவப்பின் அழுத்தம், கட்டத்தின் அளவு என்று எதில் பிசகினாலும் சரக்கு திரும்பிவிடும், அல்லது அடிமாட்டு விலைக்குப் போகும். அதனால் கிழக்கிலிருந்து மாதிரித் துண்டுகள் கப்பலேறி வந்தன. வணிகர் வழியாக அவை நெசவாளர் வீட்டுக்கும் சாயக்காரர் வீட்டுக்கும் போயின. ஜாவாவில் ஒரு பெண் முகம் சுளித்து ஒதுக்கிய துணியின் சேதி, பல மாதம் கடல் கடந்து வந்து இங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் பாவின் நிறத்தை மாற்றியது.

சிவப்புதான் இந்தக் கரையின் பெயரைக் காப்பாற்றியது. அது இம்பூறல் வேரிலிருந்து வரும் நிறம். சாயவேர் என்றும் சொல்வார்கள். மணற்பாங்கான கடற்கரை நிலத்தில் தரையோடு படரும் சின்னஞ்சிறு செடி, ஈர்க்குச்சியை விட மெல்லிய நீண்ட வேர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் இந்த வேரைத் தோண்டுவதையே டச்சுக்காரர்கள் ஒரு பெரிய வருமானமாக நடத்தினார்கள். வேரை இடித்துக் கொதிக்க வைத்து அதில் வெறும் பருத்தியைப் போட்டால் நிறம் நிற்காது, இரண்டு துவைப்பில் போய்விடும். பருத்தி நூலை முதலில் பக்குவப்படுத்த வேண்டும். நல்லெண்ணெயும் சாம்பல் காரநீரும் கலந்து அதில் நனைப்பார்கள், வெயிலில் காயப்போடுவார்கள், மறுநாள் மறுபடி நனைப்பார்கள். இப்படிப் பல நாள். பிறகு படிகாரம், பிறகுதான் வேர். எண்ணெய் சரியாக ஏறாத நூலில் சிவப்பு திட்டுத் திட்டாகப் பிடிக்கும். தண்ணீரிலேயே சூட்சுமம் உண்டு. வேரின் சிவப்பு படிகாரத்தோடு சேர்ந்து கெட்டிப்படச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அதனால் எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்பதே துணியின் தலையெழுத்தைத் தீர்மானித்தது. இதை வேதியியல் நூல் சொல்லி அவர்கள் தெரிந்துகொள்ளவில்லை. ஒரு கிணற்று நீரில் மங்கி வந்த நூல், இன்னொரு கிணற்று நீரில் செக்கச்செவேல் என்று வந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

நீலம் இன்னும் அடம்பிடிக்கும். அவுரிக் கட்டி தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் உவர்மண்ணும் போட்டு, வேகவைத்த தகரை விதையையும் சேர்த்துப் புளிக்க வைத்தால்தான் அது நூலுக்குள் இறங்கும் வடிவத்துக்கு வரும். தொட்டி பக்குவமாகிவிட்டதா என்பதைக் கண்ணும் மூக்கும்தான் சொல்ல வேண்டும். நீர் பச்சையும் மஞ்சளுமாகத் தெளிந்து, மேலே செம்பு மினுமினுக்கும் ஆடையும் நீல நுரையும் கட்டியிருந்தால் சரி. நூலை முக்கி எடுத்தால் பச்சையாக வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். புளிப்பு மிஞ்சிப் போனாலோ, சுண்ணாம்பு கூடிப்போனாலோ, குளிர் அடித்தாலோ தொட்டி படுத்துவிடும். அதில் முக்கிய நூலின் நீலம் மேலோடு ஒட்டி, கையில் தேய்த்தால் வந்துவிடும். அந்தத் தொட்டியைத் திரும்ப எழுப்பத் தெரிந்தவரே சாயக்காரர். மற்றவர் கூலியாள்.

சாயத்தொட்டியில் தப்பியது தறியில் மாட்டும். கட்டத் துணியில் பாவு ஓட்டும்போதே வண்ணங்களின் வரிசை முடிவாகிவிடுகிறது. இத்தனை சிவப்பு இழை, இத்தனை வெள்ளை, இத்தனை நீலம் என்று எண்ணி ஓட்ட வேண்டும். ஓர் இழை கூடிவிட்டால் அந்தப் பிழை பாவின் நீளம் முழுக்க, ஒவ்வொரு கைக்குட்டையிலும், கோடு மாதிரி ஓடும். ஊடையில் தவறு செய்தால் மிதிகட்டையைத் திருப்பி மிதித்து, இழை இழையாக உருவி எடுத்துவிட்டு மறுபடி நெய்யலாம். பாவில் செய்த தவறுக்கு அந்த வசதி இல்லை. அதனாலேயே குழித்தறி வீடுகளில் பாவு ஓட்டுவது, தெருவில் நீட்டிக் கஞ்சி போடுவது, அறுந்த இழையைப் பிணைப்பது எல்லாம் வீட்டில் உள்ள அத்தனை பேரும் கூடிச் செய்யும் வேலையாக இருந்தன. எண்ணிக்கையைச் சரிபார்க்க ஒரு ஜோடிக் கண்ணுக்கு மேல் தேவைப்பட்டது.

இந்தச் சாயத்தின் இரகசியத்தை எடுத்துப்போக ஐரோப்பியர்கள் பட்ட பாடு ஒரு தனிக் கதை. 1734 வாக்கில் புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பொலியூ, ஒரு துணியில் எழுதுகோலால் சித்திரம் எழுதப்படுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். ஒவ்வொரு படி முடிந்ததும் அதிலிருந்து ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்த அந்தக் கையெழுத்துப் பிரதியில் அத்துண்டுகள் தங்கியிருக்கின்றன. 1742-ல் ஏசு சபைப் பாதிரியார் கேர்து, தம்மிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களைக் கேட்டுக் கேட்டு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கடுக்காய், எருமைப்பால், படிகாரம், சாயவேர், தகரை விதை எல்லாம் அதில் வருகின்றன. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஏன் முதலில் நனைக்க வேண்டும்? பாலின் கொழுப்பு இல்லாவிட்டால் எழுதுகோலிலிருந்து இறங்கும் படிகாரக் கரைசல் துணியில் ஊறிப் பரவி, கோடு கோடாக நிற்காது. பால் சேர்க்காமல் எத்தனை துணி பாழாகியிருந்தால் அந்தப் பழக்கம் உறுதிப்பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கத் தோன்றுகிறது. கேர்துவின் கடிதத்தில் இருந்த சிலவற்றைப் பியர் புவாவ்ர் என்ற பயணி கேள்வி கேட்டுத் திருத்த முயன்றார். கேர்து திரும்பவும் சாயக்காரர்களிடம் விசாரித்து 1747-ல் பதில் எழுதினார். ஆசிரியர்கள் உண்மையில் அந்தச் சாயக்காரர்களே. கேர்துவின் பெயர் நூல்களில் இருக்கிறது. அவர்கள் பெயர் ஒன்றுகூட இல்லை என்பது மனத்தை உறுத்துகிறது.

பருத்தியில் நிற்கும் சிவப்பை ஐரோப்பா கடைசியில் துருக்கி வழியாகத்தான் கற்றது. அங்கேயும் எண்ணெய்தான் சாவி. 1785-ல் ஜார்ஜ் மகின்டோஷும் டேவிட் டேலும் ரூவானிலிருந்து பப்பியோன் என்ற சாயக்காரரை வரவழைத்து கிளாஸ்கோவில் துருக்கிச் சிவப்புச் சாயச்சாலை வைத்தார்கள். ஸ்காட்லாந்து பல்லிகேட் கைக்குட்டைகளுக்கு அந்தச் சிவப்பு கைகொடுத்தது. 1868-ல் கிரேபெ, லீபர்மான் என்ற இரு ஜெர்மானியர் சாயவேரின் உயிர்ப்பொருளான அலிசரினை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டார்கள். 1897-ல் செயற்கை நீலமும் சந்தைக்கு வந்தது. 1896-ல் எட்வின் ஹோல்டர் சென்னை மாகாணச் சாயத்தொழிலைப் பற்றி எழுதியபோது, வேரின் இடத்தை டப்பாச் சாயம் பிடித்துக்கொண்டிருந்தது. பழவேற்காடு 1825-லேயே ஆங்கிலேயர் கைக்குப் போய், சென்னைத் துறைமுகத்தின் நிழலில் சுருங்கியிருந்தது. துணியின் பெயரும் மதராஸ் ஆகிவிட்டது.

அதற்குள் அந்தத் துணி போகாத ஊர் போயிருந்தது. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் மதராஸ் கைக்குட்டைத் துணியை இன்ஜிரி என்று அழைத்துப் பிறப்பிலும் இறப்பிலும் சடங்குத் துணியாக வைத்துக்கொண்டார்கள். அவர்களின் பெண்கள் அதில் ஒரு கைவேலையையே வளர்த்தெடுத்தார்கள். கட்டத் துணியை விரித்து, சிறு கத்தி நுனியால் வெளிர் இழைகளைத் தூக்கி அறுத்து உருவுவார்கள். கருத்த இழைகள் தங்கி, பழைய கட்டத்துக்குள் ஒரு புதிய உருவம் வலைபோல எழும். பெலெத்தே பிடே என்று பெயர். அறுத்த இழையைத் திரும்பச் சேர்க்க முடியாது. பொன்னேரிப் பக்கத்து நெசவாளரின் பாவுக்கு இருந்த அதே கட்டாயம், கடலுக்கு அப்பால் வேறொரு பெண்ணின் விரல் நுனியிலும் இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் வேறு வழக்கம். மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் தலையில் கட்டும் மதராஸ் துணியின் வெளிர் கட்டங்களைத் தூரிகை கொண்டு மஞ்சளால் தீட்டிப் பளிச்சென்று ஆக்கினார்கள்.

அமெரிக்கக் கதை 1958-ல் நடந்தது. கண்ணூர்க்காரரும் பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவியவருமான கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் பலமுறை சொல்லிய வடிவம் இது. வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர் கெஜம் ஒரு டாலர் வீதம் பத்தாயிரம் கெஜம் மதராஸ் துணியை அவரிடம் வாங்கினார். குளிர்ந்த நீரில் பதமாக, தனியாகத் துவைக்க வேண்டும் என்று நாயர் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த எச்சரிக்கை வாடிக்கையாளரிடம் போய்ச் சேரவில்லை. புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் சட்டையும் அரைக்கால் சட்டையுமாக விற்ற துணி, சலவை இயந்திரத்துக்குள் போனதும் சாயம் இறங்கி, கூடக் கிடந்த துணிகளையும் கறையாக்கியது. வழக்குப் போடும் அளவுக்குப் போனது. நாயர் அமெரிக்கா போனார். அங்கே செவன்டீன் என்ற இளம்பெண்கள் பத்திரிகை அவரைப் பேட்டி கண்டு, துவைக்கத் துவைக்க நிறம் கலந்து புதிதாகும் இந்தியக் கைத்தறி அதிசயம் என்று பக்கம் பக்கமாக எழுதியது. சாயம் போகும் என்பதே உத்தரவாதமாகி, பிளீடிங் மதராஸ் என்ற பெயரில் ஆர்டர்கள் குவிந்தன.

இதைத் தவறிலிருந்து பாடம் கற்றதற்கு எடுத்துக்காட்டாக மேலாண்மை வகுப்புகளில் சொல்வதுண்டு. அப்படிச் சொல்வதில் பெரிய குறை இருக்கிறது. அங்கே யாரும் சாயத்தைத் திருத்தவில்லை. தேவை பெருகியதும், துணி கண்டிப்பாகச் சாயம் போக வேண்டும் என்பதற்காகக் கெட்டிப்படாத சாயத்தையே தேடிப் போட்டார்கள். எண்ணெயும் வெயிலும் படிகாரமுமாக நாள்கணக்கில் நூலைப் பதப்படுத்திய கரையில், தறிக்காரரிடம் இப்போது கேட்கப்பட்டது நிற்காத நிறம். 1960-களின் கடைசியில் அந்த மோகம் வடிந்தது. கைத்தறி வீட்டில் அந்தச் சில ஆண்டுகளில் கூடுதலாகக் கற்ற வித்தை என்று எதுவும் தங்கவில்லை.

இன்று பழவேற்காட்டில் கைவேலை என்றால் பனையோலை. முஸ்லிம் பெண்கள் குருத்தோலையைக் காயவைத்து, சீராகக் கிழித்து, சாயம் காய்ச்சி, பெட்டியும் தட்டும் முடைகிறார்கள். ஓலைத் துண்டுகள் ஒரே அகலத்தில் கிழியாவிட்டால் பெட்டியின் அடி கோணும். மூலை மடிக்கும் வரை அது தெரியாது, தெரிந்ததும் அவிழ்க்க வேண்டியதுதான். டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை வேலி போட்டுக் காக்கிறது. கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்கப் பயணிகள் வருகிறார்கள். டச்சுக்காரர்கள் இங்கே வரக் காரணமான துணியைப் பார்க்க வேண்டுமானால் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்கோ அகமதாபாத் காலிகோ அருங்காட்சியகத்துக்கோ போக வேண்டியிருக்கிறது. பழவேற்காட்டிலேயே ஒரு சின்ன அறையில் கொஞ்சம் சாயவேரும், ஒரு நீலப்பானையும், ஒரு கட்டத் துணியும், அதோடு பாவில் ஓர் இழை பிசகிய துணி ஒன்றும் வைத்தால், ஏரியைப் பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகள் முதலில் அங்கே போவார்கள்.