டபீட்டம்

பிளஸ் டூ தாவரவியல் படித்தவர்களுக்கு இந்தச் சொல் நினைவிருக்கும், பொருள்தான் நினைவிருக்காது. மகரந்தப்பைச் சுவரின் கடைசி உள்ளடுக்கு இது. வளரும் மகரந்தத்தைச் சூழ்ந்திருக்கும். லத்தீனில் விரிப்பு, கம்பளம் என்று பொருள். கிரேக்கத்திலிருந்து அங்கே போன சொல். இருட்டில் பூனைக் கண்ணைப் பளபளக்க வைக்கும் படலத்துக்கும் இதே பெயர்தான்.

எனக்கு இந்தப் பெயரில் திருப்தியில்லை. கம்பளம் சும்மா கிடக்கும், இதுவோ அடுப்படி. மகரந்தத்துக்கு ஊட்டம் தருகிறது. நான்கு நான்காக ஒட்டியிருக்கும் நுண்வித்துகளை, அதாவது இளம் மகரந்தங்களை, பிரிக்கும் நொதியைச் சுரக்கிறது. அவற்றின் கெட்டியான மேலுறைக்கு வேண்டிய பொருளையும் கொடுக்கிறது. வேலை முடிந்ததும் தானே அழிந்துவிடும். அதற்கும் நேரம் தப்பக்கூடாது: நெல்லில் டிடிஆர் என்ற மரபணு பழுதானால் அழிவு தள்ளிப்போகும், மகரந்தம் வீணாகும்.

புகையிலையில் டிஏ29 என்றொரு மரபணு டபீட்டத்தில் மட்டுமே விழிக்கும். அதை விழிக்கவைக்கும் டிஎன்ஏ துண்டை எடுத்து, ஆர்என்ஏவை வெட்டும் பார்னேஸ் என்ற பாக்டீரிய நொதியின் மரபணுவோடு ஒட்டினார்கள். டபீட்டம் சிதைந்தது, செடி ஆண்மலடானது. கலப்பின விதை உற்பத்திக்கு வேண்டியது அதுதானே! 1990இல் வெளியான அந்த உத்தியை, டெல்லி பல்கலைக்கழகம் உருவாக்கிய டிஎம்எச்-11 கடுகிலும் காணலாம்.