வலிப்பென்று பதிவாகும் மயக்கம்: வடசென்னைச் சிறாரின் இதயத் துடிப்புக் கோளாறும் திடீர் மரண அபாயமும்

காசிமேட்டில் கற்கள் மீதிருந்து கடலில் குதித்த சிறுவன் மேலே வராவிட்டால், அலை இழுத்துக்கொண்டது என்பார்கள். திருவொற்றியூரில் ஓடும்போதே விழுந்த சிறுமிக்குக் கைகால் வெட்டி இழுத்தால், கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். மருத்துவமனைச் சீட்டில் 'வலிப்பு' என்று ஏறும். பெரும்பாலும் அது அலையேதான், வலிப்பேதான். மிகச் சிலரிடம் மட்டும் இதயத்தின் மின்னோட்டக் கோளாறு காரணமாக இருக்கும். திடீர் மரண அபாயத்தைக் கணிக்கும் முறைகள் நோய் இன்னதென்று தெரிந்த பிறகே தொடங்குகின்றன. இராயபுரம் முதல் எண்ணூர் வரையான பகுதியில் அதற்கு முந்தைய கட்டத்தில்தான் பிள்ளைகள் கைநழுவிப் போகிறார்கள் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்னளவில் மீளத் தாமதமாகும் நீள் க்யூடி நோயையே எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 2,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது இருக்கலாம். 2018இல் இத்தாலியில் உருவான கணிப்பு முறை ஒன்று, மரபணு வகையையும் ஈசிஜியில் அளந்த க்யூடி இடைவெளியையும் கொண்டு ஐந்தாண்டு அபாயத்தைச் சொல்கிறது. இடைவெளி 10 மில்லி நொடி கூடினால் அபாயம் 15% ஏறும். நல்ல கருவிதான். ஆனால் மரபணுச் சோதனைக்குப் போகுமுன் ஒருவர் ஈசிஜியைப் பார்த்திருக்க வேண்டும். அதற்கும் முன் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

வலிப்புக்கும் இதய மயக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைத் தாயிடம் கேட்டே ஓரளவு பிரித்துவிடலாம். ஓடும்போதோ, நீந்தும்போதோ, திடுக்கிட்டபோதோ விழுந்ததா? முகம் வெளிறியதா? ஓரிரு நிமிடத்தில் தெளிந்து எழுந்ததா, அல்லது நெடுநேரம் குழம்பிக் கிடந்ததா? நீள் க்யூடியின் முதல் வகையில் 62% நிகழ்வுகள் உடலுழைப்பின்போதே வருவதாக 2001இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் உண்டா என்ற கேள்வியும் சேர்ந்தால், அது எந்தக் கணிப்புக்கும் அடித்தளமாகும்.

பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகள் இன்னொரு வாசல். 1957இல் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற நார்வே மருத்துவர்கள் ஒரே குடும்பத்தின் ஆறு பிள்ளைகளில் நால்வர் செவிடாகவும், அவர்களுள் மூவர் திடீரென இறந்ததாகவும் பதிவு செய்தனர். செவிட்டுத்தன்மையோடு நீள் க்யூடியும் சேர்ந்த இந்நோய், தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் உண்டாகும். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணப்பது இன்றும் பரவலாக உள்ள தமிழ்நாட்டில் இது அரிய நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைக்கு முன் எடுக்கும் ஈசிஜியில் க்யூடியைக் கையால் அளப்பது சம்பிரதாயமாக இருக்கக் கூடாது.

எண்ணூருக்கே உரிய சிக்கல் இளைப்பு. அனல்மின் நிலையச் சாம்பலும் ஆலைப் புகையும் சூழ்ந்த பகுதியில் இளைப்புள்ள பிள்ளைகளுக்கு நெபுலைசரில் சால்பியூட்டமால் கொடுக்கிறோம். அது துடிப்பை விரைவாக்கும். இரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கும். நீள் க்யூடி உள்ள பிள்ளைக்கு இரண்டுமே ஆபத்து. மூச்சு முட்டும் குழந்தைக்கு அதை மறுக்கச் சொல்லவில்லை. மறுபக்கம், இந்நோய்க்கு முதல் மருந்தான புரோப்ரனலாலோ மூச்சுக்குழாயைச் சுருக்கி இளைப்பைத் தூண்டும். தாளில் 'குறைந்த அபாயம்' என்று வரும் பிள்ளை, மருந்து தாங்காததால் நிறுத்திவிட்டால் அந்தக் கணிப்புக்கு வெளியே போய்விடுகிறது. மருந்து தாங்குமா என்பதும் அபாய மதிப்பீட்டின் பகுதியே. வெளிநாட்டுக் கணிப்பு முறைகளில் இதற்கு இடமில்லை.

எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஈசிஜி எடுத்தால் என்ன என்று கேட்கலாம். ஜப்பான் 1995 முதல் குறிப்பிட்ட வகுப்புகளில் எடுக்கிறது. இத்தாலியின் வெனெட்டோவில் பரிசோதனைக்குப் பின் இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் மரணம் 89% குறைந்தது. இஸ்ரேலில் கட்டாயமாக்கியும் மாற்றம் தெரியவில்லை. சிறாரின் ஈசிஜியில் வலப்பக்க லீடுகளில் டி அலை தலைகீழாக இருப்பது இயல்பு; அது தெரியாதவர் படித்தால் நலமான பிள்ளைகள் நோயாளிகளாகிவிடுவர்.

ஆகவே புதுத் திட்டம் வேண்டாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் ஏற்கெனவே போகின்றன. அதன் 30 நோய்ப் பட்டியலில் பிறவிச் செவிடு, வலிப்பு, இளைப்பு மூன்றும் உள்ளன. துடிப்புக் கோளாறு இல்லை. செவிடு, வலிப்பு என்று குறிக்கப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் ஈசிஜி, இளைப்புள்ள பிள்ளையின் பெற்றோரிடம் மயக்கம் பற்றிய ஒரு கேள்வி என்ற இரண்டு வரிகளைப் பரிந்துரைச் சீட்டில் சேர்க்க மாநிலச் சுகாதாரத் துறை முன்வர வேண்டும்.