தரவு போதாத கேள்வி

ஓர் எண்ணை இரட்டித்தால் மூன்று வெவ்வேறு முதன்மைக் காரணிகள் வருகின்றன. இரட்டிக்க முன் எத்தனை? கல்முனையில போட்டிப் பரீட்சைக்குப் படிக்கிற யாரைக் கேட்டாலும் ‘தரவு போதாது’ என்பாங்க: 15 என்றால் இரண்டு, 30 என்றால் மூன்று.

ராமானுஜன் என்றால் நமக்கு 1729 டாக்ஸிக் கதைதான். எனக்குப் பெரிசாத் தெரிவது, 1917 இல் அவரும் ஹார்டியும் வெளியிட்ட கட்டுரை. அதில் தரவு இன்னும் குறைவு: எண் எவ்வளவு பெரியது, அவ்வளவுதான். தனியொரு எண்ணுக்கு அது போதவே போதாது. ஆனால் ஏறக்குறைய எல்லா எண்களுக்கும், காரணிகளின் எண்ணிக்கை அவ்வெண்ணின் இயற்கை மடக்கையின் மடக்கையை ஒட்டியே நிற்கும் என நிறுவினார்கள். ஒரு கோடி அளவில் மூன்றுக்குக் கிட்ட.

1934 இல் துரான் இதை மிகச் சுருக்கமாக நிறுவினார். பிறகு ஏர்டிஷும் காட்ஸும் விலகல்கள் மணி வளைவாக விழுவதைக் காட்டினார்கள். எண்கோட்பாட்டுக்குள் நிகழ்தகவு வந்தது இப்படித்தான். ராமானுஜன் 1920 இலேயே, 32 வயதில், போய்விட்டார்.