கேமரன் மலைக்கு எந்த டயர்? பெரிய வாகனம் வைத்திருப்போர் கவனத்திற்கு

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 59ஆம் எண் கூட்டரசுச் சாலையில் ஏறும்போது டயரைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. மாலையில் மழை பிடித்துக்கொண்டு, வாகனம் நிறைய ஆட்களோடும் பின்னால் சோளம், முட்டைக்கோஸ் மூட்டைகளோடும் வளைவு வளைவாக இறங்கும்போதுதான் அந்த நினைப்பு வருகிறது. பிரேக் சக்கரத்தைத்தான் பிடிக்கும். சாலையைப் பிடிப்பது டயர்.

ஃபோர்ச்சூனர், எவரெஸ்ட், எம்யூ-எக்ஸ் போன்ற பெரிய வாகனங்கள் இப்போது நம்மவர் வீடுகளில் சாதாரணமாகிவிட்டன. தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் ஹைலக்ஸும் பழைய லேண்ட் ரோவரும் ஓடுகின்றன. டயர் மாற்றப் போனால் “ஆல் சீசன் போடுங்கள், நீண்ட நாள் உழைக்கும்” என்று கடையில் சொல்வார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அது பனி பெய்யும் நாடுகளின் சொல். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகி, பிடிப்பு குறையத் தொடங்கும். பனிக்காலத்துக்கு ஒன்று, கோடைக்கு ஒன்று என இரண்டு செட் வாங்காமல் ஒன்றிலேயே சமாளிக்கச் செய்யப்பட்டதுதான் ஆல் சீசன். நம் நாட்டில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 பாகை; அது 1978 பிப்ரவரி 1ஆம் தேதி கேமரன் மலையில் பதிவானது. அந்த நாளில்கூட சாதாரண டயரே போதுமாக இருந்திருக்கும். தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்து, குறிஞ்சி நிலத்துக்குக் கூதிரையும் முன்பனியையும் கொடுத்தது. நமது குறிஞ்சியில் முன்பனிக்கு வேலையில்லை. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழைதான். ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு அக்டோபர், நவம்பரிலும் அது இன்னும் கூடும்.

டயரின் பக்கவாட்டில் ‘எம்+எஸ்’ என்று இருந்தால் சேற்றுக்கும் பனிக்கும் ஏற்ற பள்ள அமைப்பு என்று தயாரிப்பாளர் சொல்கிறார், அவ்வளவுதான். மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனித்துகள் வரைந்த குறி சோதனையில் தேறிய பனிப்பிடிப்புக்கானது. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. அந்த வகை ரப்பர் ஈப்போ, கோலாலம்பூர் வெயிலில் விரைவாகத் தேயவும் கூடும்.

நாம் பார்க்க வேண்டியது வேறு மூன்று எழுத்துகளை: எச்.டி., ஏ.டி., எம்.டி. எச்.டி. தார்ச்சாலைக்கானது, சத்தம் குறைவு, ஈரத் தாரில் பிடிப்பு நல்லது. எம்.டி. சேற்றுக்கானது. பெரிய பெரிய கட்டிகளாக இருப்பதைப் பார்த்தவுடன் ‘இதுதான் மலைக்கு’ என்று தோன்றும். ஆனால் கட்டிகளில் மெல்லிய கீறல்கள் குறைவு என்பதால் நனைந்த தாரில் அது எச்.டி. அளவுக்குப் பிடிக்காது, பிரேக் போட்டால் கூடுதல் தூரம் ஓடும். தோட்டத்துக்குள்ளேயே, செம்மண்ணிலேயே நாள் முழுக்க ஓடும் லேண்ட் ரோவருக்கு அது சரி. குடும்பத்தோடு தாப்பா இறங்கும் வாகனத்துக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து, பார்ப்பதற்கு எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும். ஏ.டி. இரண்டுக்கும் நடுவில்.

ஆகவே முதல் கேள்வி, உங்கள் வாகனம் உண்மையில் எங்கே ஓடுகிறது என்பதுதான். பட்டணத்தில் இருந்துகொண்டு பள்ளி விடுமுறைக்கு மலையேறுபவருக்கு நல்ல எச்.டி. போதும். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் சாலை குறுகலானது, ஆனால் தார் போட்டது. லயத்து வீட்டிலிருந்து மண் பாதையில் இறங்கி ரிங்லெட்டுக்கோ பிரிஞ்சாங்குக்கோ தினமும் போய்வருபவர் ஏ.டி. வாங்கலாம், கட்டிகளில் மெல்லிய கீறல்கள் நிறைய உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். அந்தக் கீறல்கள்தான் ஈரத்தில் பிடிப்பவை.

அடுத்தது எண்கள். ஃபோர்ச்சூனர், ஹைலக்ஸ் பலவற்றில் 265/65 ஆர் 17 இருக்கும். 265 மில்லிமீட்டர் அகலம், அதில் 65 விழுக்காடு பக்கச்சுவரின் உயரம், 17 அங்குல ரிம். 18 அங்குல ரிம்முக்கு மாறுபவர்கள் 265/60 போடுவார்கள். கணக்குப் போட்டால் இரண்டின் மொத்த உயரமும் 776 மில்லிமீட்டரை ஒட்டியே வரும், அதனால் மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் பக்கச்சுவர் ஒன்றேகால் சென்டிமீட்டர் குறைந்துவிடும். கல்லும் குழியுமான தோட்டப் பாதையில் ரிம் வளைவதும் டயர் புடைப்பதும் அதனால்தான். மலைக்கு 17ஏ நல்லது.

அளவுக்குப் பின்னால் வரும் 112 போன்ற எண் சுமைக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். ஏழு பேரும் மூட்டைகளும் ஏறினால் இவ்வகை வாகனம் இரண்டரை டன்னை எட்டிவிடும். இறக்கத்தில் பிரேக் போடும்போது அதில் பெரும்பங்கு முன் டயர்கள் மேல் சாயும். விலை குறைவு என்று குறைந்த குறியீடு உள்ளதை வாங்காதீர்கள். முன்னால் ‘எல்.டி.’ என்று எழுதிய தடித்த டயர்கள் 120 வரை வரும். சுமை ஏற்றும் பிக்கப்புக்கு அவை ஏற்றவை. ஆனால் அதே சுமைக்கு அவற்றில் காற்று கூடுதலாக அடிக்க வேண்டும். பழைய அளவிலேயே அடித்துவிட்டு ‘டயர் சூடாகிறது’ என்று சொல்பவர்கள் உண்டு.

சில டயர்களில் ‘டிரெட்வேர் 600’ போன்ற எண் இருக்கும். எண் கூடினால் தேய்மானம் குறைவு. இது ஒரு சோதனைத் தடத்தில் எடுத்த ஒப்பீடு. வளைவுக்கு வளைவு ஓரம் தேயும் நம் சாலைக்கு அது கணக்கல்ல. தேயாத ரப்பர் பெரும்பாலும் கெட்டியான ரப்பர், கெட்டியான ரப்பர் ஈரத்தில் வழுக்க வாய்ப்புண்டு. பக்கத்திலேயே ‘டிராக்‌ஷன்’ என்று ஏஏ, ஏ, பி, சி எழுதியிருக்கும்; நனைந்த தரையில் பிரேக் பிடிக்கும் தரம் அது. இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டுமானால் முதலாவதை விடுங்கள்.

உழைப்பு டயரில் பாதி, நம் கையில் பாதி. 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்பின் மாற்றிப் போட்டு, அலைன்மெண்ட் பார்த்தால் ஓரத் தேய்மானம் பரவலாகும். காற்றைப் பற்றி ஒரு சந்தேகம் பலருக்கும் உண்டு: அடிவாரத்தில் அடித்த காற்றை மேலே போய்க் குறைக்க வேண்டுமா? வேண்டாம். மேலே குளிர் என்பதால் அழுத்தம் சுமார் 2 பிஎஸ்ஐ குறையும். வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே குறைவு என்பதால் மீட்டர் அதே 2 பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். ஏறக்குறைய சரிக்குச் சரி. ஓட்டுநர் கதவு ஓரம் ஒட்டியுள்ள அளவை, டயர் சூடாகும் முன் காலையில் அடித்துக்கொண்டால் போதும்.

சட்டப்படி பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது; பள்ளத்துக்குள் உள்ள சிறு மேடு டயரின் மேற்பரப்போடு சமமானால் அந்த எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள். மழைச் சாலையில் அதுவரை காத்திருக்க வேண்டாம், 3 மில்லிமீட்டரிலேயே மாற்றுங்கள்.

தோட்ட வாகனங்களின் ஆபத்து வேறு மாதிரி. ஒரு நாளைக்குச் சில கிலோமீட்டர்தான் ஓட்டம். பள்ளம் புதிதுபோலவே இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும். பக்கச்சுவரில் ‘டாட்’ எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. ஐந்தாறு ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் கடையில் காட்ட வேண்டும். பத்து ஆண்டானதை, பள்ளம் எவ்வளவு இருந்தாலும், கழற்றிவிட வேண்டும். பின்பக்கம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கொழுந்து மலைக்குப் போகும் வண்டியில் வெடிப்பு விட்ட டயர் இருந்தால், அது ஓட்டுநர் மட்டும் ஏற்கும் அபாயமல்ல. மேலாளரிடம் சொல்லத் தயங்க வேண்டாம்.

புது டயர் வாங்கும்போதும் அதே நான்கு இலக்கத்தையும் சிரிம் முத்திரையையும் பார்த்து வாங்குங்கள். மறுதோல் போட்ட ‘செலுப்’ டயரை முன் சக்கரத்தில் மாட்டாதீர்கள். நான்கு சக்கர இழுவை உள்ள வாகனத்தில் நான்கும் ஒரே அளவு, ஒரே வகையாக இருக்க வேண்டும். இரண்டு மட்டும் மாற்றினால் புதிய இரண்டும் பின்னால். முன்னால் வழுக்கினால் ஸ்டீயரிங்கிலேயே தெரிந்துவிடும். பின்னால் வழுக்கினால் தெரியும்போது வண்டி திரும்பியிருக்கும்.

மாட்டிய பிறகு 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை மீண்டும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். ஸ்பேர் டயரிலும் காற்று அடித்து வையுங்கள். பாதி வழியில், மழையில், காற்றில்லாத ஸ்பேரைக் கழற்றிப் பார்த்த அனுபவம் இதை எழுதுபவருக்கு உண்டு.